யோசெமிட்டியில் கரடிக்கு எட்டாமல் சமையல் சாமான் கட்டுவது எப்படி?

கலிபோர்னியாவின் யோசெமிட்டி காட்டுக்குள் முதுகுப்பையோடு நடந்துபோய்த் தங்கப் போகிறீர்களா? அங்கே இருப்பது கருங்கரடி. ஆளைத் தேடி வராது, சாப்பாட்டைத் தேடித்தான் வரும். நம் சாப்பாட்டின் ருசி கண்ட கரடிக்குத் துணிச்சல் கூடிவிடும். கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலைகூட வரும். மூட்டையைச் சரியாகக் கட்டுவது நமக்காக மட்டுமல்ல.

முதல் வேலை, கரடி டப்பா, அதாவது கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பா. 'பேர் கேனிஸ்டர்' என்று கேளுங்கள். காட்டில் தங்குவதற்கான அனுமதிச் சீட்டு வாங்கும் இடத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். 10 லிட்டர் டப்பா வெறுமையாகவே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். ஒருவருக்கு நாலைந்து நாள் சாப்பாடு பிடிக்கும். மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதாதா என்றால், யோசெமிட்டியில் அதற்கு அனுமதி இல்லை. கயிற்றை அறுக்கவும் கிளையை முறிக்கவும் அங்குள்ள கரடிகள் பழகிவிட்டன.

அடுத்து, சாப்பாட்டை அட்டைப்பெட்டிகளிலிருந்து எடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். கடைசி நாள் பை அடியில், முதல் நாள் பை மேலே. டூத்பேஸ்ட், சோப்பு, சன்ஸ்கிரீன், குப்பைப் பை எல்லாமே இரவில் உள்ளே போயாக வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டப்பா சாப்பாட்டிலேயே நிறைந்துவிடும். வீட்டிலேயே ஒருமுறை எல்லாவற்றையும் அடுக்கி, மூடிப் பாருங்கள். ஊறுகாய் பாட்டில் வேண்டாம். கசிந்தால் பை முழுக்க மணக்கும்.

சட்டி ஒன்று போதும். 100 கிராம் கேஸ் உருளை, மடக்கு அடுப்பு, லைட்டர் மூன்றையும் அதற்குள் வைத்து, இடையில் துணி செருகுங்கள். விமானத்தில் கேஸ் கொண்டுபோக முடியாது. இறங்கிய பிறகு வாங்குங்கள். அடுப்பில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கிளம்பும் முன்பே தேய்த்துக் கழுவிவிடுங்கள். கரடியின் மூக்குக்கு அந்தப் பிசுக்கும் சாப்பாடுதான். என்னைக் கேட்டால், காட்டில் தாளிப்பே வேண்டாம். தாளித்துக் காயவைத்த உப்புமா மிக்ஸில் வெந்நீர் ஊற்றினால் முடிந்தது.

சாப்பிட்டதும் ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப்போய்ச் சட்டியைக் கழுவுங்கள். வடிகட்டிய பருக்கைகள் குப்பைப் பையோடு டப்பாவுக்குள் போகட்டும், தேய்க்கும் பஞ்சும் கூடத்தான். அப்புறம் டப்பாவை இறுக மூடி, கூடாரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி, சமதரையில் வையுங்கள். பள்ளமோ ஆறோ பக்கத்தில் இருந்தால் கரடி உருட்டித் தள்ளிவிடும். கயிறு கட்டாதீர்கள், பிடித்து இழுத்துக்கொண்டு போக அதுவே வசதியாகிவிடும். கழுவிய சட்டியும் கூடாரத்துக்குள் வரக் கூடாது.

சரி, டப்பாவில் இடமில்லாமல் மிஞ்சியதைக் காரில் விட்டுப் போகலாமா? கூடாது. கதவைப் பிய்த்து எடுக்கும் பலம் கரடிக்கு உண்டு. நடைபாதை தொடங்கும் இடத்தில் இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். மிச்சத்தை அதில் வைத்து, கொக்கி சரியாக விழுந்ததா என்று பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.