போலந்தின் பழைய சிறுநகரங்களில் தனியே பயணம் செய்வது எப்படி?

முதன்முறை தனியாகச் செல்வோர் தோருன் நகரிலிருந்து தொடங்குவது நல்லது. வானியலாளர் கோப்பர்நிக்கஸ் 1473இல் பிறந்த இந்நகரின் இடைக்காலப் பகுதியை யுனெஸ்கோ 1997இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. முதன்மை ரயில் நிலையம் விஸ்துலா ஆற்றின் மறுகரையில் இருப்பதால், பழைய நகருக்கு அருகிலுள்ள தோருன் மியாஸ்தோ நிலையத்தில் உங்கள் ரயில் நிற்குமாயின், அங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள்.

கஜிமியெஷ் டோல்னி என்ற சிறுநகருக்கு ரயில் கிடையாது. புவாவியிலோ லுப்ளினிலோ இறங்கிப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். சிற்றூர்ப் பேருந்துகள் மாலையிலும் வார இறுதியிலும் குறைந்துவிடக்கூடும் என்பதால், திரும்பும் வண்டியின் நேரத்தைப் போய்ச் சேர்ந்தவுடனேயே நிறுத்தத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்; துணையின்றிச் செல்பவருக்கு இதைவிட முக்கியமான முன்னெச்சரிக்கை வேறில்லை என்றே கருதுகிறேன்.

போலந்துப் பிரபு யான் ஜமோய்ஸ்கி 1580இல் நிறுவி, இத்தாலியின் பதுவா நகரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் பெர்னார்டோ மொராண்டோ வடிவமைத்த ஜமோஷ்ச் நகரை அவசரமாகப் பார்த்துவிட்டுத் திரும்புவது அதற்குச் செய்யும் அநீதி. ஓர் இரவாவது தங்கி, வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த பெருஞ்சதுக்கத்தை நிதானமாகச் சுற்றி வாருங்கள்.

பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் சட்டப்படி மூடப்பட்டிருக்கும். ஆகவே தேவையான உணவுப்பொருட்களைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. கையில் போலந்து நாணயமான ஸ்லோட்டி சிறிது ரொக்கமாக இருக்கட்டும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.