கதையை நாமே சொல்லிவிட்டால் மாணவர் எதைப் படிப்பார்?

போன மாதம், புதிதாக வேலைக்கு வந்த ஓர் ஆங்கில ஆசிரியையின் ஏழாம் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாடம் ஒரு சிறுகதை. நன்றாகத் தயாரித்து வந்திருந்தார். குரலும் கணீரென்று இருந்தது. ஒவ்வொரு வரியையும் வாசித்து, உடனே தாய்மொழியில் பொருள் சொல்லி, அடுத்த வரிக்குப் போனார். மாணவர்கள் தாமாகப் படித்த நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டே வந்தேன். 40 நிமிட பீரியடில் 4 நிமிடம். நானும் முதல் ஆறு வருடம் இப்படித்தான் நடத்தினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தயாரிக்காமல் வகுப்புக்குப் போகாதீர்கள், உச்சரிப்பைக் கேலி செய்யாதீர்கள் என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்கறையுள்ள ஆசிரியர்கள் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கதையை நாமே சொல்லி முடிப்பது

ஒரு வருடம் என் வகுப்பு பாடக் கேள்விகளுக்கெல்லாம் பிரமாதமாகப் பதில் சொன்னது. தேர்வில் புதிய பத்தி ஒன்று கொடுத்தேன். அரைப் பக்கம்தான், பாடத்தைவிட எளிய சொற்கள். வகுப்பிலேயே நன்றாகப் பதில் சொல்லும் மாணவர் எழுந்து, "சார், இதை நீங்க இன்னும் நடத்தலையே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் நடத்தினால்தான் ஒரு பக்கம் புரியும் என்று அந்த வருடம் முழுக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

கஃப், டன்மர் என்ற இரண்டு வாசிப்பு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கலாக விளக்கினார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். நாம் கதையைத் தாய்மொழியில் சொல்லும்போது ஆங்கிலத்தைப் பொறுத்தவரை இரண்டுக்குமே வேலையில்லை. பிள்ளைகள் ரசித்துக் கேட்கிறார்கள், தலையாட்டுகிறார்கள். அதைப் பார்த்துப் புரிந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். இந்த இடம்தான் எனக்கு இன்றும் எரிச்சல் தருகிறது, ஏனென்றால் அந்த வகுப்பு வெளியே பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

"புரியாவிட்டால் ஆர்வம் போய்விடுமே" என்பார்கள். பாதிக்கு மேல் புரியவில்லை என்றால் பாடம் அந்த வகுப்புக்கு மிகக் கடினம். எளியதாக வேறொன்றை எடுங்கள். கொஞ்சம் புரியவில்லை என்றால் அந்தக் கொஞ்சத்தோடு மல்லுக்கட்டுவதுதான் வாசிப்புப் பயிற்சி.

நான் இப்போது செய்வது இது. முதல் பக்கத்தை நானே உயிரோட்டத்தோடு வாசித்துக் காட்டுவேன். பொருள் சொல்ல மாட்டேன். கதை திரும்பும் இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த இரண்டு பத்திகளை மனதுக்குள் படிக்கச் சொல்வேன். அப்புறம் ஒரே கேள்வி: "அவன் ஏன் திரும்பிப் போனான்? எந்த வரி அப்படிச் சொல்கிறது?" இரண்டாவது பாதிதான் முக்கியம். வரியைக் காட்டச் சொன்னால் கண் மறுபடி பக்கத்துக்குப் போகும்.

கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். புதிய ஆசிரியர்களால் இந்த அமைதியைத் தாங்க முடிவதில்லை. இங்கேதான் வாய்விட்டுப் பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக 1 வினாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாத தருணங்கள் குறைந்தன. மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முதல் வாரம் சங்கடமாகத்தான் இருக்கும்.

வகுப்பு பழகியதும் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். பலின்சார், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1984இல் எழுதிய முறையில், சிறு குழுவில் மாணவர்கள் மாறி மாறி ஆசிரியராகிறார்கள்: படித்ததைச் சுருக்குவது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. அவர்கள் சோதித்ததும் வாசித்துப் புரிந்துகொள்ளத் திணறிய ஏழாம் வகுப்பு மாணவர்களிடம்தான். முதல் சில தடவை நீங்கள் செய்து காட்டாமல் விட்டால் குழு வெறும் அரட்டையாகிவிடும்.

சொற்பொருள் பட்டியலோடு ஆரம்பிப்பது

இருபது சொற்களைப் பலகையில் எழுதி, நோட்டில் இறக்கி முடிப்பதற்குள் பீரியட் போய்விடும். எந்தச் சொல் தெரியாவிட்டால் கதையே நகராதோ அந்த நாலைந்து போதும். மற்றவற்றைச் சூழலை வைத்து ஊகிக்கட்டும்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியது கதையின் உலகத்தை. ரெக்ட், லெஸ்லி இருவரின் 1988 ஆய்வில் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைப் படித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை அறிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட நன்றாக நினைவுகூர்ந்தார்கள். கதை கப்பலில் நடந்தால், கப்பலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள். கதையைச் சொல்லாதீர்கள்.

வரிசையாக எழுப்பி வாசிக்க வைப்பது

தன் பத்தி எது என்று எண்ணிப் பார்த்து அதை மட்டும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு மற்றவர் வாசிப்பது காதில் விழாது. சத்தமாக வாசிக்க வேண்டுமென்றால், முதல் நாளே பத்தியைக் கொடுத்துத் தயார் செய்யச் சொல்லுங்கள்.

"கதையின் நீதி என்ன?"

முதல் கேள்வியாக வேண்டவே வேண்டாம்.

கவிதையை உடனே உரைநடையாக்குவது

இரண்டு முறை சத்தமாகப் படியுங்கள். பொருள் அப்புறம்.