சுமுகமான விவாகரத்துதான், ஆனாலும் காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

சிங்கப்பூரில் 2024 ஜூலையிலிருந்து பரஸ்பர சம்மதத்தையே காரணமாகக் காட்டலாம், அதனால் மனுவில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சேர்ந்து வாழ என்ன முயற்சி செய்தீர்கள் என்பதை எழுத வேண்டும். பெயர், அடையாள அட்டை எண், திருமணத் தேதி சரியா பாருங்கள்.

உண்மையில் உட்கார்ந்து படிக்க வேண்டியது சம்மத உத்தரவின், அதாவது சொத்து, பிள்ளைகள் பற்றி இருவரும் ஒத்துக்கொண்டதை நீதிமன்றம் உத்தரவாக்கும் ஆவணத்தின், வரைவைத்தான். "வீட்டை விற்றுப் பாதிப் பாதி" என்றால் போதாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால் எத்தனை மாதத்துக்குள் விற்பது, வீட்டுக்காக எடுத்த பணத்தை இருவரின் மத்திய சேமநிதிக்கும் (கட்டாயச் சேமிப்புக் கணக்கு) வட்டியோடு திருப்பிக் கட்டியது போக மிஞ்சுவதில்தான் பாதியா, அதுவரை கடனை யார் கட்டுவது, எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில், கூட்டுப் பொறுப்பு என்றால் படிப்பு, மருத்துவம் போன்ற பெரிய முடிவுகளை இருவரும் எடுப்பது. பிள்ளை யாரோடு இருக்கும் என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

அப்புறம், முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு மட்டுமே. பொதுவாக மூன்று மாதம் கழித்து, அதுவும் விண்ணப்பித்தால்தான் இறுதித் தீர்ப்பு. அதுவரை நீங்கள் சட்டப்படி கணவன் மனைவிதான், சொந்தக்காரர்கள் மறுமணப் பேச்சை எடுத்தால் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.