குதிரைக்குட்டி வளர்ப்பு: குளம்பையும் காலையும் முதல் நாளிலிருந்தே கவனிப்பது எப்படி

பிறந்த குதிரைக்குட்டியின் குளம்பை முதல்முறை பார்ப்பவர்கள் பயந்துதான் போவார்கள். அடியில் வெளிர்மஞ்சளாக, ஊறிய ரப்பர் விரல்கள் போல நார்நாராகத் தொங்கும். அது நோய் இல்லை. வயிற்றுக்குள் குட்டி உதைக்கும்போது தாயின் கருப்பை கிழியாமல் இருக்க அமைந்த உறை அது. குட்டி எழுந்து நடந்ததும் ஒரு நாளுக்குள் தானாகவே தேய்ந்து உதிர்ந்துவிடும். பிய்க்காதீர்கள், வெட்டாதீர்கள்.

முதல் நாள்

பிறந்து 1 மணி நேரத்தில் குட்டி நிற்க வேண்டும். 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். 3 மணி நேரத்தில் தாயின் நஞ்சுக்கொடி விழ வேண்டும். இதில் எது தவறினாலும் அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சீம்பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தியை குட்டியின் குடல் ஏறக்குறைய முதல் 24 மணி நேரம்தான் உறிஞ்சும், அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும். அதைத் தவறவிட்ட குட்டிக்கு இரத்தத்தில் கிருமி பரவலாம். அது மூட்டில் போய்த் தங்கினால் வாழ்நாள் முழுவதும் நொண்டவும் கூடும். அதனால் கால் பராமரிப்பு சீம்பாலிலேயே தொடங்கிவிடுகிறது என்று சொல்வேன்.

கால் நேராக இருக்கிறதா என்று பாருங்கள்

புதுக்குட்டிக்கு முன்முட்டிகள் கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும். தசைநார் தளர்ந்து, குளம்புக்கு மேலே உள்ள கணு தரையைத் தொடும் அளவுக்கு இறங்கியும் இருக்கலாம். லேசானது என்றால் நடக்க நடக்கச் சரியாகிவிடும். ஆனால் கணு முன்பக்கம் மடங்கி, குட்டி குளம்பின் நுனியில் நின்றால் காத்திருக்காதீர்கள்.

ஏன் அவசரம்? எலும்பு நீளமாவது அதன் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டில்தான். கணுவுக்கு அருகே இருக்கும் தட்டு தன் வேலையின் பெரும்பகுதியை முதல் 3, 4 மாதத்திலேயே முடித்துவிடும். அங்கே உள்ள கோணலைத் திருத்த அதற்குள் ஆரம்பித்தாக வேண்டும். முன்முட்டிக்கு மேலே இருக்கும் தட்டுக்கு இன்னும் அவகாசம் உண்டு. அது மூட ஏறக்குறைய 2 வயது தாண்டிவிடும்.

வாரம் ஒருமுறை, ஒரே சமதரையில் நிறுத்தி, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் போட்டோ எடுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெல்ல வரும் மாற்றம் தெரியாது. நான் வளர்த்த ஒரு குட்டியின் வலது முன்குளம்பு உள்பக்கமாகத் தேய்வதை எட்டாவது வாரத்தில்தான் கவனித்தேன். பழைய படங்களை எடுத்துப் பார்த்தால் ஐந்தாவது வாரத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்னும் மனது சங்கடப்படும்.

காலைத் தூக்கப் பழக்குங்கள்

இதற்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். முதல் வாரத்திலிருந்து, தாய் அமைதியாக நிற்கும்போது, குட்டியின் தோளில் கை வைத்துத் தடவ ஆரம்பியுங்கள். கையை எடுக்காமல் மேல்கால், முட்டி, கணு என்று கீழே வழித்துக்கொண்டு போங்கள். முட்டிக்குக் கீழே போனதும் குட்டி காலை உதறும். அங்கேயே கையை வைத்திருங்கள், இறுக்க வேண்டாம். உதறல் நின்ற அந்த நொடியில் கையை எடுத்துவிடுங்கள். நின்றால் விடுவார்கள் என்று அது புரிந்துகொள்வது அப்படித்தான். உதறும்போது விட்டால், உதறினால் விடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். அப்புறம் அந்தப் பழக்கத்தை மாற்ற மாதக்கணக்காகும்.

நான்கைந்து நாளில் எடை மறுகாலுக்குச் சாயும்போது குளம்பை ஒரு சாண் உயரம் தூக்கலாம். இரண்டு நொடி போதும், இறக்கிவிடுங்கள். பக்கவாட்டில் இழுக்காதீர்கள். தூக்கிய குளம்பின் அடியை உள்ளங்கையால் மெல்லத் தட்டிப் பழக்கினால், லாடக்காரர் அரத்தோடு வரும்போது குட்டி மிரளாது.

சுத்தம் செய்வது

குளம்புக் கொக்கியை குதிகாலிலிருந்து நுனியை நோக்கி இழுங்கள். அடியில் முக்கோணமாக, ரப்பர் போல இருக்கும் பகுதியை ஃபிராக் என்பார்கள். அதன் இருபக்கப் பள்ளங்களில்தான் சாணமும் மண்ணும் அடையும். ஃபிராக்கையே குத்தித் தோண்டாதீர்கள். அந்தப் பள்ளத்திலிருந்து கறுப்பாகக் கசிந்து, அழுகிய நாற்றம் வந்தால் அங்கே ஃபிராக் அழுகுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஈரமான படுக்கைதான் காரணம். மருந்து வாங்குவதற்கு முன் கொட்டிலைக் காயவையுங்கள்.

முதல் சீவல் 4 முதல் 8 வாரத்துக்குள். அப்புறம் மாதம் ஒருமுறை. குட்டியின் குளம்பு பெரிய குதிரையுடையதைவிட வேகமாக வளரும். பெரும்பாலும் அரத்தால் ஓரத்தைச் சமன் செய்தாலே போதும். வளரும் குளம்புக்கு லாடம் வேண்டாம். ஆணி இறுக்கிப் பிடித்தால் குதிகால் விரிய இடமிருக்காது.

தீனியும் ஓட்டமும்

கொழுகொழுவென்று வளர்ப்பது பாசம்தான், ஆனால் மூட்டுக்கு ஆகாது. தானியம் அதிகமாகி வேகமாக எடை போட்டால் மூட்டுக் குருத்தெலும்பில் கோளாறு வரலாம். சுண்ணாம்புச் சத்து எப்போதும் பாஸ்பரஸைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நல்லது. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், அதனால் தவிட்டை மட்டும் நம்பாதீர்கள். தாமிரமும் துத்தநாகமும் கலந்த தாதுக் கலவை சேருங்கள். தினமும் திறந்த வெளியில் தன் விருப்பப்படி ஓடட்டும். கயிற்றில் கட்டி வட்டமாக ஓட்டுவது இந்த வயதில் வேண்டவே வேண்டாம்.

நொண்டுகிறதா?

நடக்கும்போது தெரியாதது மிதமான ஓட்டத்தில் தெரியும். நேர்க்கோட்டில் ஓட்டிக்கொண்டு போகச் சொல்லிப் பாருங்கள். எந்த முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்புகிறதோ, அந்தக் கால்தான் வலிக்கிறது. பின்னங்கால் என்றால் வலிக்கும் பக்கத்து இடுப்பு கூடுதலாக ஏறி இறங்கும்.

அப்புறம் குளம்பைத் தொட்டுப் பாருங்கள். கணுவின் பின்பக்க ஓரத்தில் விரலை மெல்ல வைத்தால் நாடி கிடைக்கும். நல்ல காலில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தானாகவே விரலைத் தட்டினால், குளம்பும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். நேற்றுத் துள்ளிய குட்டி இன்று மூன்று காலில் நிற்பது பலமுறை இதனால்தான். எலும்பு முறிவாகவோ மூட்டில் கிருமியாகவோ கூட இருக்கலாம் என்பதால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். அவர் வருவதற்கு முன் வலி மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், அறிகுறி மறைந்துவிடும்.

ஆணி குத்தியிருந்தால் கை பரபரக்கும், பிடுங்காதீர்கள். ஆணி இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால்தான் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று தெரியும். ஆணியைச் சுற்றித் துணியைத் தடிமனாகக் கட்டி, அது மேலும் ஏறாமல் பார்த்துக்கொண்டு, குட்டியை நகர்த்தாமல் வையுங்கள். ஏறிக்கொண்டேபோகிறது என்றால் மட்டும், குத்திய இடத்தையும் சாய்வையும் போட்டோ எடுத்துவிட்டுப் பிடுங்குங்கள். குட்டிக்கு டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.