லோடு வண்டியின் மைலேஜ்: மாட்டுவதற்கு முன் கழற்றிப் பாருங்கள்

டீசல் செலவு கையைக் கடிக்கும்போது பிக்கப் வைத்திருப்பவர் முதலில் போய் நிற்கும் இடம் உதிரிபாகக் கடைதான். நானும் நின்றிருக்கிறேன். டீசல் குழாயில் மாட்டும் இரண்டு காந்தத் துண்டுகளை வாங்கி வந்தேன். எரிபொருளை அது ‘பிரித்து’ நன்றாக எரிய வைக்கும் என்றார்கள். இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. பெரும்பாலானவற்றால் பலனே இல்லை, ஓரிரண்டில் கிடைத்ததும் சொற்பம். இதைப் பிறகுதான் படித்தேன். சந்துக்குள் விழுந்த நட்டுகளை எடுக்க அந்தக் காந்தம் இப்போது உதவுகிறது.

ஏமாந்ததைவிடப் பெரிய தவறு ஒன்று அதில் இருந்தது. காந்தம் மாட்டுவதற்கு முன் வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்றே எனக்குத் தெரியாது. ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் டீசல் போட்டு ஓட்டுகிறவர் யாருக்கும் தெரியாது. டேங்கை நிரப்புங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள், அதே பங்க்கில் மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள். லோடோடு போன நாளையும் காலியாகத் திரும்பிய நாளையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 12-இலிருந்து 13-க்கு ஏறினால் மிச்சம் சுமார் 19 லிட்டர். வாங்கப் போகும் பொருளின் விலையை இதோடு ஒப்பிட்டால் பாதி ஆசை அடங்கிவிடும்.

மீட்டரும் பொய் சொல்லும். கம்பீரமாக இருக்கிறது என்று விட்டத்தில் 5 சதவீதம் பெரிய டயர் போட்டால், வண்டி 105 கிலோமீட்டர் ஓடியிருக்கும்போது மீட்டர் 100 என்றே காட்டும். சிறிய டயர் போட்டவருக்கு இது தலைகீழ். மைலேஜ் கூடிவிட்டது என்று மகிழ்வார். டயர் மாற்றும் காலம் வந்தால், கம்பெனி சொன்ன அளவிலும் சுமைத் திறனிலும் ரேடியல் போடுவது நல்ல செலவு. நைலான் டயரைவிட அது எளிதாக உருளும். ஒரே அச்சில் இரண்டு வகையையும் கலந்துவிடாதீர்கள்.

காற்று பிடிப்பதிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் ஓட்டி டயர் சூடான பிறகு பங்க்கில் அளந்து, ‘அதிகமாக இருக்கிறது’ என்று இறக்கிவிடுகிறார்கள். குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு, காலிக்கும் லோடுக்கும் வேறு. வண்டியோடு வந்த கையேட்டில் அது இருக்கிறது.

இனி காற்றுத்தடை. லோடு ஏற்றும் தொட்டியின் பின்கதவைத் திறந்து போட்டு ஓட்டினால் காற்று வழுக்கிப் போய்விடும் என்ற நம்பிக்கை உலகம் முழுவதும் உண்டு. உண்மையில், மூடிய கதவுக்குள் தொட்டியில் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடுகிறது. மேலே வரும் காற்று அதன் மீது ஏறிக் கடக்கிறது. கதவைத் திறந்தால் அந்தச் சுழல் கலைவதுதான் மிச்சம். கேபின் மேல் சாய்வுத் தகடு பொருத்துவதும் இதே கதை. பின்னால் கேபினைவிட உயரமான பெட்டி இருந்தால் தகடு உதவும். திறந்த தொட்டிக்கு அது காற்றோடு மோத இன்னொரு சுவர்.

இதில் காசு செலவில்லாத வேலை ஒன்று உண்டு. காலியாகத் திரும்பும்போது உயரக் கம்பிச் சட்டங்களைக் கழற்றிப் படுக்க வையுங்கள். படபடக்கும் தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள். கேபின் மேல் கேரியர் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். இந்த வண்டிகளின் முகமே காற்றுக்குச் சுவர்தான். வேகம் 60-இலிருந்து 80-க்கு ஏறினால் காற்றுத்தடை ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. எந்த உதிரிபாகமும் இதை ஈடுகட்டாது.

முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு வைப்பவர்களுக்கு: அது எடையைக் கூட்டுகிறது, மேலும் 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறது.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது இன்னொரு ‘யோசனை’. குவாரிப் பாதையில் ஒரு மாதம் அப்படி ஓடினால் தூசு சிலிண்டரைத் தேய்த்துவிடும். டீசலில் மிச்சம் பிடித்த காசு எஞ்சின் வேலைக்கே காணாது. புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். குழாயைத் தகடு வைத்து அடைப்பது மாசு விதிகளை மீறுவது.

பின் சக்கர பிரேக் உரசிக்கொண்டே ஓடும் வண்டிக்கு எதை மாட்டினாலும் வீண். ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அனலடித்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் நியூட்ரலில் இறக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கியரில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதவரை, இன்றைய எஞ்சின்கள் டீசலை அறவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகிறது. எஞ்சினின் பிடிமானம் போய், முழுச் சுமையும் பிரேக்கின் மீது விழுகிறது.