பொதுக் காட்டில் பிறர் பரண் கண்ணில் பட்டால்

அமெரிக்கப் பொதுநிலக் காடுகளில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், அடுத்தவர் மரத்தில் கட்டிய பரணைக் கண்டால் ஏறாதீர்கள். அந்த இடத்தையும் இருக்கை பார்க்கும் திசையையும் கைபேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேட்டைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்துவிட்டால், விடியுமுன் இருட்டில் இன்னொருவருடைய குறிக்கு எதிரே போய் உட்கார்ந்து, அவருடைய பொழுதையும் உங்கள் பொழுதையும் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் எந்தப் பக்கம் சுடுவார் என்பதைப் பெரும்பாலும் இருக்கையே சொல்லிவிடும்.

மிச்சிகனில் பரணில் பெயர் இருப்பதால் அது கட்டியவருக்கு மட்டுமே உரியது ஆகிவிடாது என்பது உண்மைதான். அதற்காக ஏறிவிடலாமா? பரணைக் கட்டிய வார் மரப்பட்டைக்குள் புதைந்திருக்கும். வெயிலில் வெளுத்து ஓரம் பிசிறு தட்டியிருக்கும். அணில் கடித்ததும் உண்டு. கட்டியவருக்கே அது எத்தனை பருவம் தாங்கும் என்று தெரியாது.

விஸ்கான்சின் மாநில நிலங்களில், 64ஆம் நெடுஞ்சாலைக்குத் தெற்கே, பரணை அன்றன்றே கழற்றியாக வேண்டும். அங்கே இந்தக் குறிப்பு உதவாது. முதுகில் சுமந்து வந்து ஏறும் பரண்களும் முன்கூட்டியே கண்ணில் படுவதில்லை. அப்போது சாலையோரம் நிற்கும் வண்டியையும் மரத்தடியில் தெரியும் டார்ச் வெளிச்சத்தையும் கண்டு விலகிப் போகவேண்டியதுதான்.