டிஎன்டி கதையில பொண்ணு கேரக்டர்களை உருப்படியா எழுதுறது எப்படி

டிஎன்டின்னா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டேபிளைச் சுத்தி உக்காந்து ஆளுக்கு ஒரு கேரக்டரா பேசி, டைஸ் உருட்டி கதையை நகர்த்துற கேம். கதையை நடத்துறவர்தான் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர். புதுசா டிஎம் ஆகுறவங்க மேப் வரைஞ்சு, சாமிங்களுக்கு எல்லாம் பேரு வச்சு, வில்லனோட தாத்தா கதை வரைக்கும் எழுதி வச்சிருப்பாங்க. ஆனா அந்த உலகத்துல இருக்கிற பொண்ணுங்கன்னு பார்த்தா கடத்திட்டுப் போன இளவரசி, மயக்குற சூனியக்காரி, சத்திரத்துல கள்ளு ஊத்துற பொண்ணு, அவ்ளோதான். சென்னையில கஃபேல, ஃப்ரெண்டு வீட்டு ஹால்லன்னு டேபிள் போட்டு ஆடுறவங்கள்ல பொண்ணுங்களும் இருக்காங்க, ஞாயித்துக்கிழமை மதியத்தை ஒதுக்கிட்டு வந்து உக்காந்து அவங்க இதைத்தான் கேக்கணுமா? மாத்துறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல, எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன்.

முதல்ல இது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ல வந்துச்சு. 1976ல டிராகன் பத்திரிகையோட 3வது இதழ்ல வந்த ஒரு கட்டுரை, பொண்ணு கேரக்டருக்கு கரிஸ்மாவுக்கு (பேச்சாலயும் ஆளுமையாலயும் ஆளை இழுக்கிற திறமைக்கான ஸ்கோர்) பதிலா அழகுக்கு ஒரு ஸ்கோர் போடச் சொல்லுச்சு. 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல மனுஷ ஆம்பளையோட பலம் 18/00 (00ன்னா இங்க நூறு, அதான் உச்சம்) வரைக்கும் போகும், பொம்பளைக்கு 18/50லயே நின்னுடும். 1979ல வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடுல, தெருவுல எந்த மாதிரி விலைமாது எதிர்ல வர்றான்னு டைஸ் உருட்டிப் பார்க்க தனியா ஒரு பட்டியலே இருந்துச்சு. பலத்துக்கு இருந்த வரம்பை 1989ல ரெண்டாவது எடிஷன்ல தூக்கிட்டாங்க, 2014 புக்ல ஆணோ பெண்ணோ கேரக்டருக்கு தனி லாபமும் இல்ல நஷ்டமும் இல்லன்னு நேராவே எழுதிட்டாங்க. ரூல்ஸ் மாறி இத்தனை வருஷம் ஆகியும் நம்ம டேபிள்ல பழைய பழக்கம் அப்படியே ஓடிட்டு இருக்கிறதுதான் கடுப்பா இருக்கு.

காமிக்ஸ்லயும் அதேதான். ரெட் சோன்யாங்கிற வாள்வீராங்கனையை எடுத்துக்கோங்க. 1934ல ராபர்ட் ஈ. ஹோவர்ட் எழுதின மூலக்கதையில அவ 1529 வியன்னா முற்றுகையில வாளும் துப்பாக்கியுமா நிக்கிற ஆளு, 1973ல மார்வெல் காமிக்ஸ் அவளை கோனன்ங்கிற வாள்வீரனோட உலகத்துக்கு கொண்டு வந்தப்போ கூட ஒழுங்கா சங்கிலிக் கவசச் சட்டைதான் போட்டிருந்தா, அந்த இரும்பு பிகினி அதுக்கப்புறம் எஸ்தேபன் மரோட்டோங்கிற ஓவியர் வரைஞ்சது. அதாவது யாரோ ஒருத்தர் எடுத்த முடிவு, உங்க டேபிள்ல நீங்க வேற முடிவு எடுக்கலாம். நம்ம ஆளுங்களுக்கு பொண்ணு ஹீரோ செட் ஆகாதுன்னு யாராவது சொன்னா, 1984ல தமிழ்ல வந்த லயன் காமிக்ஸ் முதல் இதழையே மாடஸ்டி பிளைஸிங்கிற ஹீரோயினை வச்சுத்தான் ஆரம்பிச்சாங்கன்னு சொல்லுங்க.

சரி, எழுதுறதுக்கு வருவோம். ஒரு என்பிசி (பிளேயர் இல்லாம டிஎம்மே நடத்துற கேரக்டர்) பொண்ணை உருவாக்கும்போது அவ எப்படி இருப்பான்னு யோசிக்காதீங்க, அது கடைசி. அவளுக்கு என்ன வேணும், அதுக்காக நேத்து என்ன பண்ணா, பார்ட்டி (பிளேயர்களோட கேரக்டர் கூட்டம்) அந்த ஊருக்கு வராமலே போனா நாளைக்கு என்ன பண்ணுவா, இந்த மூணுக்கும் பதில் எழுதுங்க. "வணிகரோட அழகான மக"ன்னு எழுதினா பிளேயருக்கு அவகிட்ட பேச விஷயமே இருக்காது, சைட் அடிக்கிறதத் தவிர. அதுவே அவ உப்பு வண்டி ஓட்டுற உமணத்தி, மழைக்கு முன்னாடி மலையைத் தாண்டணும், நேத்துதான் சுங்கத்துல வண்டியை நிறுத்தி வச்சுட்டாங்க, இன்னிக்கு ராத்திரி காவக்காரனுக்குத் தெரியாம வேற வழியில போகப் போறான்னு வச்சுப் பாருங்க, பார்ட்டி ஹெல்ப் பண்ணலாம், காட்டிக் கொடுக்கலாம், அவ வண்டியிலயே ஒளிஞ்சு போகலாம், ஒரு செஷன் (ஒரு நாள் ஆட்டம்) முழுக்க ஓடும்! டேபிள்ல அவளை அறிமுகப்படுத்தும்போதும் கையில என்ன வேலை ஓடுது, குரல் எப்படி, யார் மேல கோவத்துல இருக்கான்னு ஆரம்பிங்க. எழுதி முடிச்சதும் ஆம்பளை என்பிசி நோட்ஸையும் பொம்பளை என்பிசி நோட்ஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க, ஒண்ணுல வேலையும் இன்னொண்ணுல இடுப்பும் இருந்தா திரும்ப எழுதணும்.

உடனே எல்லாரும் கத்தியைத் தூக்கிட்டு ஓடணும்னு அர்த்தம் இல்ல. நம்ம இலக்கியத்துலயே எவ்ளோ கிடக்கு! புறநானூறு 95ல அவ்வையார் அதியமானோட ஆளா தொண்டைமான்கிட்ட பேசுறாங்க. உன் ஆயுதம் எல்லாம் மயில்பீலி வச்சு, மாலை போட்டு, நெய் பூசி அரண்மனையில பத்திரமா இருக்கு, அதியமானோடது பகைவனைக் குத்தி நுனி உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னு சொல்றாங்க, புகழ்ற மாதிரியே மிரட்டல். கரிஸ்மான்னா இது, இதுல அழகுக்கு என்ன வேலை? மணிமேகலைக்கு வேற உருவம் எடுக்க, வானத்துல போக, பசி தாங்கன்னு மூணு மந்திரம் கிடைக்குது, கையில வத்தாத அமுதசுரபி வேற, அப்படியே கேரக்டர் ஷீட்ல ஏத்தலாம். எனக்கு ரொம்பப் பிடிச்சது அதே பேர்ல இருக்கிற காப்பியத்தோட நாயகி நீலகேசி. முனிவரை மயக்க வந்த பேய், அவர்கிட்டயே பாடம் கேட்டு மனசு மாறி, ஊர் ஊரா போய் பெரிய பெரிய ஆளுங்களை வாதத்துல தோக்கடிக்கிறா. மயக்குற சூனியக்காரி உங்க கதைக்கு வேணும்னா வச்சுக்கோங்க, அவளுக்கும் இப்படி ஒரு ரெண்டாவது பாதி கொடுங்க.

பேக்ஸ்டோரியையும் கவனிங்க. ஹீரோவுக்கு கோவம் வரணும்னே பொண்டாட்டியையோ தங்கச்சியையோ கொல்றது பழைய வியாதி. 1994ல கிரீன் லேன்டர்ன்ங்கிற சூப்பர் ஹீரோ காமிக்ஸ் இதழ் ஒண்ணுல ஹீரோவோட காதலியைக் கொன்னு ஃபிரிட்ஜுல அடைச்சு வச்சாங்க, அதை வச்சுத்தான் 1999ல காமிக்ஸ் எழுத்தாளர் கெயில் சிமோன் அப்படி அடிபட்ட பொண்ணு கேரக்டர்களை வரிசையா பட்டியல் போட்டாங்க, அதே சிமோன் 2013ல ரெட் சோன்யாவையும் எழுதினாங்க. உங்க பிளேயர் செத்துப்போன தங்கச்சியோட வந்தா, அவ உயிரோட இருந்தப்போ என்ன பண்ணிட்டு இருந்தா, எந்த வேலையை பாதியில விட்டுட்டுப் போனான்னு கேளுங்க. இல்லன்னா அவ உயிரோடவே இருந்து எதிர் அணியில வேலை பார்க்கட்டும், அது இன்னும் நல்லா வலிக்கும்.

கேரக்டருக்கு படம், மினி (டேபிள்ல வைக்கிற குட்டி பொம்மை) வாங்கும்போது ஒரே கேள்விதான், இதைப் போட்டுக்கிட்டு ஓட முடியுமா. மார்புக்கு தனித்தனியா வளைச்ச கவசத்துல கத்தி பட்டா சறுக்கி நடு நெஞ்சுக்குத்தான் வரும்.

டேபிள் விஷயம் இதை விட முக்கியம். கேம்பைன் (பல செஷன் ஓடுற தொடர்கதை) ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி செஷன் ஜீரோ, அதாவது ஆடாம பேசுறதுக்குன்னே ஒரு சந்திப்பு வைங்க, கதையில எது வரவே கூடாது, எது நடந்தாலும் காட்டாம தாண்டிப் போயிடணும்னு எல்லாரும் பேசி முடிவு பண்ணுங்க. பாலியல் வன்முறையை யாரும் கேக்குறதுக்கு முன்னாடியே நீங்களே வெளியே வச்சிடுங்க. நடு ஆட்டத்துல யாருக்காவது சங்கடமா இருந்தா தொட்டு நிறுத்த மேஜை நடுவுல ஒரு எக்ஸ் கார்டு, ஏன்னு காரணம் கேக்கக் கூடாது. பொண்ணு பிளேயரோட கேரக்டர்கிட்ட மட்டும் உங்க என்பிசி எல்லாம் வழியிறதை இன்னிக்கே நிறுத்துங்க, அவங்க கேட்டா ஒழிய. புது ஆளுங்களோட முதல் ரெண்டு மூணு செஷனை யாரோட ஃபிளாட்லயும் வைக்காம அடையார், நுங்கம்பாக்கம் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கிற கஃபேல வைங்க. எத்தனை மணிக்கு முடியும்னு முன்னாடியே குரூப்ல போட்டு அந்த நேரத்துக்கு முடிங்க, பாஸ் ஃபைட் பாதியில இருந்தாலும் பரவால்ல, தாம்பரத்துக்கு டிரெயின் பிடிக்கணும், வீட்டுக்கு பதில் சொல்லணும், இந்தக் கணக்கு ஓடிட்டே இருக்கிறவங்களால ஆட்டத்துல மனசு வைக்க முடியாது.

அப்புறம் புதுசா ஒரு பொண்ணு வந்து உக்காந்தா ஹீலர் (மத்தவங்க காயத்தை ஆத்துற கேரக்டர்) ஷீட்டை எடுத்து நீட்டாதீங்க. பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல இருக்கிற பன்னிரண்டு கிளாஸையும் (கேரக்டர் வகை) மேஜையில பரப்பி வச்சுட்டு, எது வேணும்னு கேட்டுட்டு, அவங்க பார்பேரியனை (வெறியோட சண்டை போடுற வீரர்) எடுத்தா ரேஜ், அதாவது அந்த வெறி எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் சொல்லிக் கொடுங்க.